கார்பன் டை ஆக்சைடைப் பாறை உள்ளே விடுமா? கிணற்றடியில் கிளம்பும் நுண்துகள்கள்

கார்பன் டை ஆக்சைடைப் புகைபோக்கியிலேயே பிடித்து, அழுத்தி, ஆழமான கிணறு வழியாகப் பூமிக்கடியில் இருக்கும் பாறைக்குள் அனுப்பிவிடலாம் என்று எங்கே பேச்சு வந்தாலும் உடனே வரும் கேள்வி, அது திரும்ப மேலே வந்துவிடாதா என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் வளைகுடாவில் ஒரு ஆய்வகத்தில் பாறைத் துண்டுகளோடு பல வருஷம் வேலை பார்த்த எனக்கு அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. அது ஒழுங்காக உள்ளே போகுமா? முதல் நாள் போகும், சரி. பத்து வருஷம் கழித்தும் அதே கிணற்றில், அதே அழுத்தத்தில், அதே அளவு போகுமா?

இதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு, பாறையின் துளைகளுக்குள் ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிற தாதுத் துகள்களுக்கு இருக்கிறது. பெட்ரோலியத் துறையில் இவற்றை ஃபைன்ஸ் என்பார்கள். பெரும்பாலும் நாற்பது மைக்ரானுக்குக் கீழே, பல நேரம் ஒன்றிரண்டு மைக்ரான்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதுகள் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் தோண்டிய ஒரு கிணற்றை மூச்சடைக்க வைக்க முடியும் என்பதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகவே.

முதலில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலை குமரி மாவட்டத்து நிலத்துக்கடியில் நடக்கிற ஒன்றல்ல. நமக்குக் கீழே இருப்பது சார்னோக்கைட், கோண்டலைட் மாதிரியான கெட்டிப் பாறை. நம்மூர் குவாரிகளில் உடைத்து வீட்டு அஸ்திவாரத்துக்குப் போடுகிற கருங்கல்லில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான். இதில் தாது மணிகளுக்கு நடுவே துளையே கிடையாது என்று சொல்லலாம், தண்ணீர் இருப்பதெல்லாம் மேலே உளுத்துப்போன அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான், அதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டு போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டு வரும், நாலு வீடு தள்ளி ஆழமாகத் தோண்டியும் புழுதிதான் வரும். கார்பன் டை ஆக்சைடைத் தேக்க வேண்டுமென்றால் துளைகள் நிறைந்த மணற்பாறை வேண்டும், அதற்கு மேலே மூடி போலக் கெட்டியான களிப்பாறை வேண்டும். இரண்டும் நமக்கு இல்லை.

ஆனாலும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. தென்னிந்தியச் சார்னோக்கைட்டுகளை மெல்லியதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குவார்ட்ஸ் மணிகளுக்குள் நுண்குமிழிகள் தெரியும், அவற்றில் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு அடைபட்டுக் கிடக்கும். பூமியின் ஆழத்தில் இந்தப் பாறைகள் வெந்து உருமாறிய காலத்தில் புகுந்த வாயு, ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறது. சார்னோக்கைட் உருவானதில் இந்த வாயுவுக்கு எவ்வளவு பங்கு என்பது புவியியலாளர்களிடையே நீண்டகால விவாதம், கேரளத்துப் பொன்முடி பக்கத்துப் பாறைகளெல்லாம் அந்த விவாதத்தில் வரும். என் கதை அதுவல்ல, ஆனால் வேளிமலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும் என்பதால் சொன்னேன்.

சரி, மணற்பாறைக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேலே போனால் வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நடுநிலைக்கு வந்துவிடும். அடர்த்தியில் திரவத்துக்குப் பக்கம், ஓடுவதில் வாயுவுக்குப் பக்கம். சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இந்த நிலை இயல்பாகவே கிடைக்கும். நார்வேக்காரர்கள் 1996 முதல் வடகடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் உட்சிரா மணற்பாறைக்குள் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னை ஒட்டி அனுப்பி வந்திருக்கிறார்கள். அந்த மணல் கெட்டிப்படாத, தாராளமாக வழிவிடுகிற மணல், அதனால் பெரிய தகராறு வரவில்லை. எல்லாப் பாறையும் அப்படி இருக்காது என்பதுதான் விஷயம்.

பாறை எவ்வளவு வழிவிடும் என்பதைத்தான் ஊடுருவு திறன் என்கிறோம், பெர்மியபிலிட்டி. 1856-ல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி டார்சி, திஜோன் நகரத்துக் குடிநீர் வேலைக்காக மணல் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த விதிதான் இன்றைக்கும் அடிப்படை, அளவுக்கும் அவர் பெயர்தான், டார்சி, மில்லிடார்சி. இதில் எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று. பாறையில் காலி இடம் எவ்வளவு என்பது வேறு, அது எவ்வளவு வழிவிடுகிறது என்பது வேறு. மணிகளுக்கு நடுவே பெரிய அறைகள் இருக்கும், ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகக் குறுகலான கழுத்து இருக்கும். கொள்ளளவு அறைகளில் இருக்கிறது, ஓட்டம் கழுத்துகளில் இருக்கிறது. நூறு அறையும் அப்படியே காலியாக இருக்கட்டும், கழுத்துகளில் மட்டும் துகள் உட்கார்ந்துவிட்டால் போதும், கொள்ளளவு குறைந்ததே தெரியாது, ஓட்டம் பாதியாகிவிடும்.

எந்த அளவுத் துகள் அடைக்கும் என்பதற்கு எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களிடம் 1970-களிலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது. கழுத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிற துகள்கள் வாசலிலேயே ஒன்றோடொன்று முட்டிப் பாலம் கட்டி நின்றுவிடும். ஏழில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பவை தம் பாட்டுக்குப் போய்விடும். நடுவே இருப்பவைதான் மோசம், உள்ளே ஆழமாகப் போய் அங்கே அடைக்கும், எடுக்கவும் முடியாது. தோராயக் கணக்குதான். ஆனால் ஒரு விஷயத்தை நன்றாகக் காட்டுகிறது. ஒரு துகள் கழுத்தைவிடச் சின்னது என்பதாலேயே அது அடைக்காது என்று சொல்ல முடியாது.

இந்தத் துகள்கள் வெளியிலிருந்து வருவதில்லை. மணற்பாறை உருவான கோடிக்கணக்கான வருஷத்தில் துளைக்குள்ளேயே வளர்ந்தவை, ஃபெல்ஸ்பார் என்ற தாது சிதைந்து உண்டானவை. பெரும்பாலும் களிமண் தாதுக்கள். அவற்றில் கயோலினைட் தகடு தகடாக அடுக்கிக்கொண்டு மணிகளின் மேல் லேசாக ஒட்டி நிற்கும், சட்டென்று கழன்று வரக்கூடியது. இல்லைட் இழை இழையாகத் துளைக்குக் குறுக்கே வளர்ந்திருக்கும். குளோரைட் மணியைச் சுற்றிப் படலமாக இருக்கும், இரும்பு உள்ளது என்பதால் அமிலம் பட்டால் கரைய ஆரம்பிக்கும். ஸ்மெக்டைட் உப்பில்லாத நல்ல தண்ணீர் பட்டால் ஊதும். இவற்றோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் பொடியும் இருக்கும். ஒரு பாறையில் மொத்தக் களிமண் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்கிற அறிக்கைகளை எனக்குப் பிடிப்பதில்லை, எந்தக் களிமண், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பத்து சதவீதம் களிமண் மணிகளுக்கு நடுவே கெட்டியாக இறுகிக் கிடந்தால் பயமில்லை. இரண்டு சதவீதம் கயோலினைட் துளைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் பயப்படத்தான் வேண்டும்.

அப்படித் தொங்குவதைப் பிடித்து வைத்திருப்பது எது, கழற்றுவது எது?

பிடித்து வைத்திருப்பதில் உப்புக்குப் பங்கு உண்டு. துகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு ஈர்ப்பு இருக்கிறது, இரண்டும் நீரில் எதிர்மின் ஏற்றம் உள்ளவை என்பதால் ஒரு விலக்கமும் இருக்கிறது. நீரில் உப்பு நிறைய இருந்தால் விலக்கம் அடங்கிவிடும், ஈர்ப்பு ஜெயிக்கும், துகள் உட்கார்ந்திருக்கும். உப்பு குறைந்தால் விலக்கம் ஓங்கும். 1980-களில் கிலர், ஃபோக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெரியா மணற்பாறையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சாதாரண உப்பு நீரை ஓடவிட்டு, உப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு வரம்பு வரை ஒன்றும் ஆகாது, அந்த வரம்பைத் தாண்டியவுடன் கயோலினைட் கிளம்பிவிடும், ஊடுருவு திறன் விழும். நல்ல தண்ணீரைத் திடீரென்று விட்டால் விழுவதும் பயங்கரமாக இருக்கும், முன்பு இருந்ததில் மிகச் சிறிய பங்குதான் மிஞ்சும். கால்சியம் உப்பாக இருந்தால் கதை வேறு. கால்சியத்துக்கு இரட்டை ஏற்றம், கொஞ்சம் இருந்தாலே துகளைப் பிடித்து வைக்கும்.

அடுத்தது வேகம். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வரம்பு வேகம் உண்டு, அதற்குக் கீழே ஓடினால் துகள் அசையாது, மேலே போனால் ஓட்டம் துகளை இழுத்துக்கொண்டு போகும். வேகம் எங்கே அதிகம்? கிணற்றுக்குப் பக்கத்தில். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் என்றால் நொடிக்குச் சுமார் 32 கிலோ. பூமிக்குள் இருக்கும் அடர்த்தியில் அது ஏறக்குறைய 50 லிட்டர். 50 மீட்டர் கனமுள்ள மணற்பாறை அடுக்கில், 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கிணற்றிலிருந்து இது சுற்றிலும் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் ஓட்டம் நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வரும், பாறையில் ஐந்தில் ஒரு பங்குதான் காலி இடம் என்று கொண்டால், துளைக்குள் அதுபோல ஐந்து மடங்கு. பத்து மீட்டர் தள்ளிப் போனால் இதில் நூறில் ஒரு பங்கு. அதாவது துகளைக் கிளப்புகிற வேகம் கிணற்றைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கிறது. துகள் அங்கே கிளம்பும், வேகம் குறைகிற இடத்தில், அல்லது அதற்கு முன்பே குறுகலான கழுத்து கண்ட இடத்தில், போய் உட்காரும்.

மூன்றாவது அமிலம். கார்பன் டை ஆக்சைடு பாறையில் இருக்கும் உப்பு நீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது, அந்த அழுத்தத்தில் பிஹெச் மூன்று, நான்குக்கு இறங்கிவிடும். இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் ஆசையே வந்தது, ஏனென்றால் அமிலம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. மின் ஏற்றத்தை மட்டும் பார்த்தால் அமிலம் நல்லது, அமிலத்தில் துகளின் எதிர்மின் ஏற்றம் குறையும், சுவரில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் மணற்பாறையில் மணிகளை ஒட்டவைத்திருக்கிற சிமென்ட் கால்சைட், டோலமைட் மாதிரியான சுண்ணாம்பு வகைத் தாதுவாக இருந்தால் அமிலம் அதைக் கரைத்துவிடும், அதற்குள் புதைந்து கிடந்த குவார்ட்ஸ் பொடியும் களிமண்ணும் விடுபட்டுவிடும். அதே நேரம் கரைந்த கால்சைட்டிலிருந்து கால்சியம் நீரில் சேருகிறது, அது களிமண்ணைப் பிடித்துவைக்கப் பார்க்கும். கழுத்துகளும் கொஞ்சம் அகலமாகும். ஒரே வினை கழற்றவும் செய்கிறது, பிடிக்கவும் செய்கிறது, வழியையும் பெரிதாக்குகிறது. எது ஜெயிக்கும் என்பதை மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது, அந்தப் பாறையின் துண்டை எடுத்து வைத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சில பாறைகளில் ஊடுருவு திறன் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. சிலவற்றில் காலி இடம் கூடியும் ஓட்டம் குறைந்திருக்கிறது. கரைந்ததால் இடம் வந்தது, கழன்ற துகள் கழுத்தில் போய் உட்கார்ந்ததால் வழி போனது. காலி இடத்தை மட்டும் அளந்துவிட்டுப் பாறை திறந்துகொண்டது என்று எழுதுகிற அறிக்கையை இதனால்தான் நம்பக் கூடாது.

நான்காவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடும் நீரும் சந்திக்கிற எல்லைக்கோடு. வாயு முன்னேறும்போது நீரின் மேற்பரப்பு துளைச் சுவரைத் துடைத்துக்கொண்டே பின்வாங்கும். அந்த மேற்பரப்பின் இழுவிசை மைக்ரான் அளவுத் துகளுக்கு மிகப் பெரியது, சாதாரண ஓட்டம் அசைக்க முடியாததை அது பெயர்த்துவிடும். ஒருமுறை துடைத்துவிட்டுப் போனால் பரவாயில்லை. கிணற்றை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால்? நிறுத்தும்போது உப்பு நீர் கிணற்றை நோக்கித் திரும்பி வரும், மறுபடி ஆரம்பித்தால் மறுபடி பின்வாங்கும். ஒவ்வொரு முறையும் எல்லைக்கோடு அதே துளைகளைக் கடக்கும். கப்பலில் கொண்டுவந்து இறக்கி அனுப்புகிற திட்டங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன, நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் 2025-ல் தன் முதல் வாயுவைக் கடலடிப் பாறைக்குள் அனுப்பியது. கப்பல் தாமதமானால் கிணறும் காத்திருக்க வேண்டும் என்ற நிலை வராமல் கரையில் தொட்டிகள் வைத்து ஓட்டத்தைச் சீராக வைப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் படுவது இதனால்தான்.

என் அக்கா மகன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "மாமா, ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் அடைச்சா என்னவாம்? அதுக்கு அந்தப் பக்கம் கிலோமீட்டர் கணக்குல பாறை கெடக்குல்லா?" என்று கேட்டான்.

"மக்களே, ஒரு பேப்பரும் பேனாவும் எடு" என்றேன்.

கணக்கு இதுதான். கிணற்றைச் சுற்றி ஓட்டம் பரவும்போது அழுத்தம் தூரத்துக்கு ஏற்பச் சமமாகக் குறையாது, மடக்கையில் குறையும். 10 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை எவ்வளவு அழுத்தம் செலவாகிறதோ, அதே அளவுதான் 1 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரைக்கும், 10-லிருந்து 100 வரைக்கும், 100-லிருந்து 1000 வரைக்கும் செலவாகும். நாலு பங்கு. அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் செலவாகும் மொத்த அழுத்தத்தில் கால் பங்கை முதல் ஒரு மீட்டரே தின்றுவிடுகிறது. இப்போது அந்த முதல் மீட்டரில் மட்டும் ஊடுருவு திறன் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று வையுங்கள். அந்தப் பங்கு ஒன்றுக்குப் பதில் பத்தாகும். மொத்தம் நாலாக இருந்த எதிர்ப்பு பதின்மூன்றாகிவிடும். அதே அழுத்தத்தில் உள்ளே போகும் அளவு முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கிலோமீட்டர் கணக்கில் நல்ல பாறை காத்திருந்தும் பிரயோஜனமில்லை.

"அப்போ அழுத்தத்தைக் கூட்டிரலாமே?" என்றான். கூட்டலாம், ஒரு அளவுக்கு. அதற்கு மேல் கூட்டினால் பாறை வெடிக்கும், வெடிப்பு மேலே இருக்கிற மூடிப்பாறை வரை போகலாம். உள்ளே போகுமா என்ற கேள்வியும் வெளியே வருமா என்ற கேள்வியும் இங்கேதான் ஒன்றாகின்றன. அடைத்துக்கொண்ட கிணற்றில் இலக்கை எட்டவேண்டும் என்று அழுத்தத்தை ஏற்றுகிற அவசரம்தான் மூடிக்கு ஆபத்து. அதனால் எந்தக் கிணற்றிலும் அழுத்த மேல்வரம்பு முதலிலேயே போடப்பட்டிருக்கும், அதைத் தொடுகிற நிலை வந்தால் அளவைக் குறைப்பதோ கிணற்றைச் சரிசெய்வதோதான் வழி.

நம் ஊரில் இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்களே, அதுதான். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராக போர்வெல்லுக்குள் விட்ட வீடுகளில், சில மழைக்காலம் போனபின் தண்ணீர் இறங்காமல் மேலே தேங்கி நிற்கும். நிலத்துக்கடியில் இடம் இல்லாமல் போகவில்லை, வாசலில் வண்டல் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், அங்கே வண்டல் மாடியிலிருந்து வருகிறது, அதைக் கூழாங்கல்லும் மணலும் போட்டு வடிகட்டித் தடுக்கலாம். ஆழத்துப் பாறையில் துகள் பாறையிலேயே இருக்கிறது, அங்கே வடிகட்டி வைக்க வழியில்லை.

நடந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். பேரன்ட்ஸ் கடலில் ஸ்னோவிட் என்ற வாயு வயலில் 2008-ல் நார்வேக்காரர்கள் கார்பன் டை ஆக்சைடை டூபோயன் என்ற மணற்பாறை அடுக்குக்குள் விட ஆரம்பித்தார்கள். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கியது. கிணற்றருகே உப்பு படிந்ததுதான் அந்த ஆரம்ப ஏற்றத்துக்குக் காரணம் என்று கண்டார்கள். காய்ந்த கார்பன் டை ஆக்சைடு கிணற்றைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சிக் காயவைத்துவிடும், நீரில் இருந்த உப்பு படிகமாகத் துளைக்குள் நின்றுவிடும். கிளைகால் என்ற திரவம் சேர்ந்த கலவையைக் கொடுத்துக் கழுவினார்கள், கிணறு மறுபடி வாங்கியது. அதற்கப்புறமும் அழுத்தம் மெதுவாக ஏறிக்கொண்டே போனது, அந்த அடுக்கே தாராளமாகப் பரவவில்லை என்பது தெரிந்து 2011-ல் மேலே இருக்கும் வேறொரு அடுக்குக்கு மாற்றினார்கள். அழுத்தம் ஏறினால் காரணம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டத்திலும் மணல் தகராறு வந்தது, ஆனால் அங்கே வாயு போகும் கிணறுகளில் அல்ல, அழுத்தத்தைக் குறைக்க நீரை எடுக்கும் கிணறுகளில், அதனால் வாயு அனுப்பும் அளவும் அடிபட்டது.

உப்பு அடைத்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்துவிடலாமே என்று தோன்றும். கயோலினைட் உள்ள பாறையில் இதுதான் மிக ஆபத்தான யோசனை. உப்பு கரையும், சரி, ஆனால் அதே நல்ல தண்ணீர் அதுவரை உப்பு பிடித்து வைத்திருந்த களிமண்ணையும் கிளப்பிவிடும். உப்பு அடைப்பைக் கரைத்துவிடலாம். துகள் கழுத்தில் இறுகிவிட்டால் அதைக் கரைக்கக் களிமண்ணையே தின்னும் கடுமையான அமிலம் வேண்டும், அந்த அமிலம் தானே புதிதாகத் துகளை உண்டாக்கிவிடவும் கூடும். அதனால்தான் எண்ணெய்க் கிணறுகளில் கழுவும் நீரில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள், உப்பை ஒரேயடியாகக் குறைக்காமல் படிப்படியாகக் குறைப்பார்கள். இந்தப் பழைய பாடம் கார்பன் தேக்கும் புதிய வேலைக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடைப்பு எதனால் வந்தது என்று ஆய்வகத்தில் எப்படிப் பிரித்தறிவது? இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். பாறையிலிருந்து ஒன்றரை அங்குல விட்டத்தில் உருளையாக ஒரு துண்டு வெட்டி எடுப்போம், பிளக் என்போம். அதை ரப்பர் உறைக்குள் வைத்துச் சுற்றிலும் பூமிக்குள் இருக்கும் அழுத்தம் கொடுத்து, ஒரு முனையில் உப்பு நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்துவோம். இரு முனைக்கும் இடையே அழுத்த வித்தியாசம் ஏற ஏற அடைப்பு கூடுகிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தத் துண்டை வெளியே எடுக்காமலேயே ஓட்டத்தின் திசையை மாற்றுவோம். களிமண் ஊதியதால் வந்த அடைப்பு என்றால் திசை மாற்றினாலும் ஒன்றும் மாறாது. துகள்கள் கழுத்தின் வாசலில் பாலம் கட்டி நின்றதால் வந்தது என்றால், திசை மாறியவுடன் பாலம் கலைந்து ஓட்டம் சட்டென்று திரும்பி வரும், கொஞ்ச நேரம்தான், அதே துகள்கள் எதிர்ப்பக்கக் கழுத்துகளில் போய் உட்கார்ந்து மறுபடி அடைக்கும். அந்தக் கோடு திரையில் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது கல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணால் பார்த்த மாதிரித் தெளிவாகும். வெளியே வரும் நீர் கலங்கலாக இருக்கிறதா என்றும் பார்ப்போம், முன்னும் பின்னும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் துளைகளைப் படம் எடுப்போம்.

ஒரு எச்சரிக்கை. பிளக் முழுவதும் ஓட்டம் ஒரே வேகத்தில் போகிறது, கிணற்றருகே வேகம் தூரத்துக்குத் தூரம் மாறுகிறது. அதனால் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு முடிவு எழுதிவிடக் கூடாது, குறைந்த வேகத்தில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போய் எந்த வேகத்தில் துகள் கிளம்புகிறது என்று பிடிக்க வேண்டும். நிறுத்தி ஓட்டியும் பார்க்க வேண்டும். வெப்பநிலையும் பாறைக்குள் இருக்கும் அளவுக்கு வேண்டும். செலவும் நேரமும் பிடிக்கிற வேலை, ஆனால் கிணறு அடைத்த பிறகு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இந்தியாவில் இப்போது இந்தப் பேச்சு வேகமாகிறது. 2022-ல் நிதி ஆயோக் கார்பன் பிடிப்பது பற்றி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடா சாம்பல் (சோடா ஆஷ்) தயாரிக்க 2016 வாக்கிலிருந்தே பயன்படுத்திய விஷயம் உலகச் செய்தியானது. பிடிப்பது நமக்குப் புதிதில்லை. தேக்குவதுதான் புதிது. தக்காணத்துப் பசால்ட் என்ற எரிமலைப் பாறை, கிருஷ்ணா கோதாவரிப் படுகை, காவிரிப் படுகை என்றெல்லாம் பேசுகிறார்கள். பசால்ட்டின் கதை வேறு, ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் நீரில் கரைத்து அனுப்பிய வாயுவில் பெரும்பகுதி இரண்டே வருஷத்துக்குள் கார்பனேட் கல்லாக மாறியதைக் காட்டினார்கள், அங்கே கவலை புதிதாக உருவாகும் தாதுக்கள் வழியை அடைத்துவிடுமா என்பது. காவிரிப் படுகை என்றால் மணற்பாறை, அங்கே நான் இதுவரை சொன்ன அத்தனையும் வரும். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அங்கே விவசாயிகளிடம் பேசாமல் எதையும் தொடங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். எந்தப் படுகையாக இருந்தாலும், எத்தனை கோடி டன் கொள்ளும் என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவதற்கு முன்னால், அந்தப் பாறையில் என்ன களிமண் இருக்கிறது, எந்த வேகத்தில் கிளம்புகிறது, எந்த உப்பளவில் கிளம்புகிறது என்று கேட்க வேண்டும். பழைய எண்ணெய்க் கிணறுகளின் பாறைத் துண்டுகள் கிடங்குகளில் இருக்கின்றன. அவற்றை எடுத்து ஓட்டிப் பார்க்கப் புதுக் கிணறு ஒன்றும் தோண்ட வேண்டியதில்லை.

அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் புராஜெக்டுக்கு ஏதாவது சொல்லுங்கள் மாமா என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உதவும். வாயு, உயர் அழுத்தம் எதுவும் வேண்டாம், உப்பின் வேலையை மட்டும் பார்க்கலாம். தெளிவாகத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மூன்று, அரை மீட்டர் நீளம் போதும். இரண்டு முனையிலும் வலை கட்டுங்கள். கழுவிக் காயவைத்த ஆற்றுமணலில் இருபதில் ஒரு பங்கு குளத்துக் களிமண்ணைப் பொடித்துக் கலந்து மூன்றிலும் ஒரே மாதிரி இறுக்கி நிரப்புங்கள். மூன்றிலும் முதலில் உப்பு நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றுங்கள், காற்றுக் குமிழி நின்றுவிட்டால் அதுவே அடைத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் ஒரே உயரத்தில் தொட்டி வைத்து மேலிருந்து விட்டு, நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் குழாயில் உப்பு நீரையே தொடருங்கள். இரண்டாவதில் நேராக மழைநீருக்கு மாறுங்கள், கொஞ்ச நேரத்தில் வெளியே கலங்கல் வரும், ஓட்டம் இறங்க ஆரம்பிக்கும். மூன்றாவதில் உரக்கடையில் கிடைக்கும் கால்சியம் உள்ள ஜிப்சத்தைக் கரைத்துத் தெளியவைத்த நீரை முதலில் நன்றாக ஓடவிட்டு, அதன் பிறகு மழைநீருக்கு மாறுங்கள், கால்சியம் களிமண்ணை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பது தெரியும். அமிலத்தையும் பார்க்கலாம் என்று வினிகரும் சிப்பித் தூளும் சேர்க்க ஒரு பையன் கேட்டான், வேண்டாம் என்றேன், சிப்பி கரையும்போது வருகிற குமிழியே வழியை அடைக்கும், எது அடைத்தது என்று பிரிக்க முடியாது. கடைசியில் இரண்டாவது குழாயைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி மழைநீர் விடுங்கள், முதல் பத்து நிமிஷத்துக்கு நிமிஷாநிமிஷம் அளவு எடுங்கள், அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போதும்.